பால் குடித்த நாங்கள் இருக்கிறோம், லூர்து அக்கா

என் செல்ல லூர்து அக்காவுக்கு,

தீப்பெட்டி ஆபீசிலிருந்து நீ அலுத்து வந்து படுக்கும் பாயில் புத்தகத்தைப் பரப்பி வைத்துத் திட்டு வாங்குவாளே, அந்தத் திரேஸ்தான் எழுதுகிறேன். இந்தக் கிறிஸ்துமஸ் வந்தால் நீ போய் ஒரு வருஷம். எழுத வேண்டும் என்று எத்தனையோ நாள் பேனாவை எடுத்திருக்கிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியாத கடிதத்தை எப்படித் தொடங்குவது, சொல்?

நம் பங்கு இளைஞர்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் கல்லறைத் திருநாள் இதழுக்கு என்னிடம் கேட்டார்கள். ஒரு பக்கம்தான் தருவார்களாம். "ஒரு பக்கத்துல எங்க அக்காகிட்ட சுகமான்னுகூடக் கேட்டு முடிக்க முடியாது" என்றேன். "ஏட்டி, நீ எழுதுனா மத்த செத்தவங்களுக்கு எடம் வேண்டாமா?" என்று சிரித்தார்கள். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எழுது என்று விட்டுவிட்டார்கள். ஆகவே இதை ஊரே படிக்கும். படிக்கட்டும். இதில் பாதி அவர்களுக்கும் சொல்ல வேண்டியதுதான்.

அவர்களுக்காக ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது: நீ என் பெரியம்மா மகள். நமக்கு அந்த விளக்கம் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, பக்கத்துப் பக்கத்து அடுப்பு. நான் உன்னைவிட மூன்று வயது இளையவள், நீ எனக்கு உடன்பிறந்தவள் போல.

உன் கல்லறை மேட்டுக்கு நேற்று சுண்ணாம்பு அடித்தோம். சிலுவை மறுபடியும் சாய்ந்திருந்தது. இந்தக் கரிசல் மண்ணில் எந்தச் சிலுவைதான் நேராக நிற்கிறது? வெயிலுக்கு மண் பிளந்து ஒரு பக்கம் சாயும், மழைக்கு ஊறி இன்னொரு பக்கம் சாயும். ஐப்பசி மழை இப்போதுதான் இறங்கியிருக்கிறது. அப்பா பருத்தி ஊன்றிவிட்டார். நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன், தாவணி கட்டுகிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய். "கொடிக்கம்பத்துல துணி சுத்துன மாதிரி" என்பாய்.

சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. பெரியம்மாவைப் பற்றித்தான்.

உன் அம்மா நன்மை வாங்குவதை நிறுத்திவிட்டாள், அக்கா. பூசைக்கு வருகிறாள், கடைசி வரிசையில் தூண் ஓரம் உட்காருகிறாள். எல்லோரும் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது அவள் மட்டும் முட்டுக்கால் போட்டபடியே இருக்கிறாள். என்ன பாவம் செய்துவிட்டாள் அவள்? கேட்டால் ஒரே பதில்தான். "எம் பிள்ளைக்கு என் கையாலயே குடுத்துக் கொன்னுட்டேன். எந்த வாயால சாமிய வாங்க?"

அந்தப் பாலைச் சொல்கிறாள். கோயிலுக்குப் பின்னால் இருந்த பால் கொட்டகையை நீ மறந்திருக்க மாட்டாய். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பால் பவுடரைப் பெரியம்மா அண்டாவில் கரைத்து, சின்னப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் ஊற்றுவாள். கட்டி விழாமல் கரைக்க அவளைப் போல யாருக்கும் வராது. எல்லோருக்கும் ஊற்றிய பிறகு அண்டாவின் அடியில் கொஞ்சம் தங்கும். அதைத் தூக்குவாளியில் வழித்து முந்தானைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பாலில் பங்கு கிடையாது. ஆனால் நீ வெளுத்துக்கொண்டே போனாய், ஆபீஸ் மாடி ஏறினால் மூச்சு வாங்கினாய். அவள் என்ன செய்வாள்?

உனக்கு அந்த வாடையே பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி குடிப்பாய். "மீதிய நீ குடிட்டி, படிக்கிற பிள்ளை" என்று வாளியை என் பக்கம் தள்ளுவாய். எனக்குப் பிடிக்கும். அடியில் ஒட்டியிருக்கும் ஆடையை விரலால் வழித்து நக்குவேன்.

இந்த விஷயத்தை எழுதலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "எழுது. களவாண்டதையும் சேத்து எழுது" என்றாள்.

நீ இருக்கும்போதே ரஷ்யாவில் அந்த அணு உலை விபத்து நடந்துவிட்டது. ஆனால் நம் ஊரில் யார் அதைக் கவனித்தார்கள்? நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நானே கவனிக்கவில்லை. இந்த வருஷம் கோடையில்தான் டீக்கடைப் பேப்பரில் இருந்து பேச்சு கிளம்பியது. அந்த விபத்தில் கிளம்பிய கதிரியக்கத் தூசி காற்றோடு பல தேசங்களுக்குப் போனது, மழையோடு புல்லில் இறங்கியது, புல்லை மேய்ந்த மாட்டின் பாலில் வந்தது, அந்தப் பால் பவுடராகிக் கப்பல் ஏறியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். "இருக்கலாம்" என்றுதான் போட்டிருந்தது. நம் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அந்த வார்த்தை உதிர்ந்துபோனது.

பிள்ளைகள் அதற்கு அணுகுண்டுப் பால் என்று பேர் வைத்துவிட்டார்கள். தீபாவளி வெடியில் அணுகுண்டு பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படிப் பேர் வைக்கும்? "ஏலே, குடிச்சா ராத்திரி ஒன் வயித்துல லைட்டு எரியும்லே!" என்று ஒருவன் கத்த, மற்றவன் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

பெரியவர்கள் வேறு மாதிரி தப்புப் பண்ணினார்கள். நம் ஊருக்கு விபத்து என்றால் தீப்பெட்டி ஆபீஸ் விபத்துதானே? மருந்து பற்றிக்கொள்ளும், சத்தம் கேட்கும், ஓடுவோம். செத்தவர்கள் யார், பிழைத்தவர்கள் யார் என்று அன்று சாயந்திரத்துக்குள் தெரிந்துவிடும். பிழைத்தவள் மறுவாரம் திரும்பவும் வேலைக்குப் போவாள். அதே கணக்கை இதற்கும் போட்டார்கள். "வெடிச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னுமா அனலு இருக்கும்?" என்றார் அப்பா. "நல்லா மூணு கொதி கொதிக்க வச்சா எந்த வெசமும் செத்துரும்" என்று என் அம்மா சொன்னாள். கொதிக்க வைத்தால் சாக இது கிருமி இல்லை, அம்மா, தூசியாய் வந்த ஒரு உலோகம், அது அடங்க வருஷக்கணக்காகும் என்றேன். "நீ ஒருத்தி. பாடம் நடத்தாம வெறகை எடு" என்றாள்.

பிறகு ஒரு நாள் காலையில் பால் கொட்டகை வாசலில் அது நடந்தது. அடுத்த வளவுப் பாக்கியம் அத்தை, தன் நாலு வயது ராணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, வாய் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். பெரியம்மா டம்ளரை நீட்டினாள். பாக்கியம் அத்தை வாங்கவில்லை.

"ஏன் மதினி, நீ முந்தானைக்குள்ள வச்சுக் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஊருப் பிள்ளைக்கு ஒரு டம்ளர், ஒம் பிள்ளைக்கு ஒரு வாளி. கூடக் குடிச்சவ எங்க இப்ப? கல்லறையில கெடக்கா. எம் பிள்ளையும் அங்கன போகணுமா?"

பெரியம்மா கையை இழுத்துக்கொண்டாள். நீட்டிய டம்ளரை அண்டாவில் திருப்பி ஊற்றினாள். துடுப்பைக் கழுவி வைத்தாள். அன்றிலிருந்துதான் அவள் நன்மை வாங்குவது நின்றது.

அதுவரை உன்னை ஏன் அந்த நோய் பிடித்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்தப் புற்றுநோய் என்ற பேரைச் சொல்லவே பயந்து, செய்வினை என்றார்கள், தீப்பெட்டி மருந்து என்றார்கள். பாலைப் பற்றிப் பேச்சு வந்ததும் உன் ஆபீஸ் கணக்குப்பிள்ளைக்குக் கொண்டாட்டம். "நான் அன்னைக்கே சொன்னேன்லா, எங்க மருந்துல ஒண்ணும் இல்லன்னு" என்று தெருவில் நின்று பேசினார். எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது, அக்கா. என்னிடம் மட்டும் இல்லை.

நம் பங்குச் சாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். பவுடரில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு மெட்ராசுக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் சொன்னார். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறதாம்.

பாக்கியம் அத்தை நடுக்கோயிலில் எழுந்து நின்றாள். "சாமி, அளவுக்குள்ளன்னா, இருக்குன்னுதான அர்த்தம்?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்மா. கல்லுல இருக்கு, மண்ணுல இருக்கு."

"மண்ண நாங்க பிள்ளைக்குக் கரைச்சுக் குடுக்கலயே, சாமி."

கோயிலில் சிரிப்பு வந்தது. சாமியாரும் சிரித்தார், ஆனால் அவர் முகம் சரியில்லை. மறுநாளே பாலை நிறுத்திவிட்டுக் கம்பங்கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். மிச்சமிருந்த மூட்டைகளை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அந்த "அளவு" என்ற வார்த்தை விளங்கவே இல்லை. யார் வைத்த அளவு? ராணிக்கும் அதே அளவா, அப்பாவுக்கும் அதே அளவா? நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். நூலகர் அண்ணாச்சி "என்னம்மா, குண்டு செய்யப் போறியா?" என்று கேட்டுவிட்டு, மேல் அலமாரியில் தூசி படிந்து கிடந்த விஞ்ஞானப் புத்தகங்களை இறக்கித் தந்தார். பாதி புரிந்தது. அதிகமாகப் பட்டால் உடனே நோய் வரும், ஆளே போய்விடலாம். கொஞ்சமாகப் பட்டால் என்ன ஆகும் என்று வரும் இடத்தில் எல்லாப் புத்தகமும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

பிறகு ஆவணியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. யார் வந்தார்கள் தெரியுமா? திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த அந்த இளம் டாக்டரம்மா. கண்ணாடியை மேலே ஏற்றி என்னைப் பார்த்தார். "நீ லூர்து தங்கச்சிதானே? கட்டில் பக்கத்துல புஸ்தகத்தை வச்சுக்கிட்டே தூங்குவியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாலைப் பற்றி ஊர் பேசுவதைச் சொல்லி, உனக்கு அதனால்தான் வந்ததா என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் வரிசையில் நின்ற பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நர்சிடம் விட்டுவிட்டு, என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"உங்க அக்காவுக்கு அந்தப் பாலால வரல. அதை என்னால தைரியமாச் சொல்ல முடியும். கதிர்வீச்சால ரத்தப் புற்று வரணும்னாலே ரெண்டு மூணு வருஷமாவது ஆகும். மத்த புற்றுநோய்க்குப் பத்து வருஷம், இருபது, முப்பதுகூட ஆகும். உங்க அக்காவுக்கு நோய் எப்ப தொடங்குச்சு, விபத்து எப்ப நடந்துச்சு? கணக்கு ஒட்டவே இல்ல."

எனக்கு உடனே ஓடிவந்து பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப அந்தப் பாலைக் குடிச்ச மத்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வராதுதான, டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பால்ல எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அளவுக்குள்ளன்னு சொன்னா ரொம்பக் குறைவாத்தான் இருக்கும். வர்றதுக்கான வாய்ப்பும் ரொம்பக் குறைவு. வராதுன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

"கொஞ்சமாப் பட்டா, வந்தாலும் கொஞ்சமாத்தான வரும்?"

"அப்படி இல்லம்மா. நோய் சின்னதா வராது, வாய்ப்புதான் சின்னது. லாட்டரி மாதிரி நெனச்சுக்கோ. ஒவ்வொருத்தர் கையிலயும் ஏற்கெனவே சில சீட்டு இருக்கு. வயசு, புகையிலை, இன்னும் நமக்குத் தெரியாதது எவ்வளவோ. இந்தக் கதிர் இன்னொரு சீட்டைக் கையில திணிச்சிட்டுப் போகுது. விழாமலே போகலாம். விழுந்தா, எந்தச் சீட்டுக்கு விழுந்துச்சுன்னு அப்ப யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. கட்டி மேல பேர் எழுதியிருக்காது."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்காங்க?"

"ஆயிரக்கணக்கான பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்துத்தான். ஜப்பான்ல குண்டு விழுந்த ஊர்கள்ல இன்னமும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. அந்த உலையைச் சுத்தி இருந்தவங்களையும் அப்படித்தான் பார்க்கணும். இங்க யாரு பார்ப்பா?" கடைசிக் கேள்வியை என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஊர் முழுக்கத் தலைகீழாக அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறது? பாலால் செத்தவள் என்று உன்னைக் காட்டுகிறார்கள். நீ அதில் சேர்த்தி இல்லை. ஓடி விளையாடும் பிள்ளைகளைக் காட்டி, ஒன்றும் ஆகவில்லையே என்று ஆறுதல்படுகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை. போனவளைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிகிறது, இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. அந்த இருப்பவர்களில் நானும் ஒருத்தி என்பது சர்ச் நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் உறைத்தது. ஆடையை வழித்து நக்கியவள் நான்தானே.

பெரியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பால் நின்றதும் அதுதான் அவள் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். வருஷக்கணக்கு அவளுக்கு எட்டவில்லை. "டாக்டரம்மா நல்லவிய. என்னைத் தேத்துததுக்குச் சொல்லியிருப்பாவ" என்று பசையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எனக்குக் கழுகுமலை ஞாபகம் வந்தது. போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு வளையல் வாங்க நாம் இரண்டு பேரும் ஓடிப்போனோமே. தவக்காலத்தில் திருவிழாக் கடைக்குப் போனதற்கு உனக்கு அடி விழுந்தது. வரும் பஸ்ஸில் கூட்டம் நெருக்கி, உன் தொடையும் கையும் கம்பியில் அழுந்தியது. மறுநாள் பார்த்தால் நாவல்பழம் அப்பிய மாதிரி நீலம். அதே கம்பியில் நானும்தான் அழுந்தினேன். எனக்கு ஒரு தழும்புகூட இல்லை.

"பெரியம்மா, கழுகுமலைக்குப் போய் வந்தப்ப அக்காவுக்கு வந்த நீலம் நோயோட அடையாளம். அது ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னாடி. விபத்து நடந்தது பாஸ்காவுக்கு அப்புறம். நீங்க அவளுக்குப் பால் கொண்டாந்தது அதுக்கும் அப்புறம். அவ வெளுத்துட்டாளேன்னுதான கொண்டாந்தீங்க? நோய் வந்ததாலதான் பால் வந்துச்சு பெரியம்மா. பால் வந்ததால நோய் வரல."

அவள் கை நின்றது. இப்போது அவளுக்குப் புரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. ஒரு பெரிய கணக்கைப் போட்டு முடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சந்தோஷம் அவள் வாய் திறக்கும் வரைதான்.

"அந்த நீலத்துக்கு நான்தான எண்ணெய் தேச்சேன்" என்றாள். "ஊரு சுத்துனா இப்படித்தான்னு ரெண்டு அடியும் வச்சேன். அப்பவே அவளுக்கு வந்துட்டா? அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா எம் பிள்ளை பொழைச்சிருக்குமா, திரேசு?"

ஒரு பாரத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றிவிட்டேன். இதற்குத்தானா இத்தனை படித்தேன்? "இல்ல பெரியம்மா, எப்பக் கூட்டிட்டுப் போயிருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டா" என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அளவுக்குள் இருக்கிறது என்று எங்களிடம் சொன்ன மாதிரி, நானும் ஒரு வார்த்தையை அவள் கையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

"தெரியல பெரியம்மா" என்றேன். "டாக்டரம்மாவே சீக்கிரம் வந்தாலும் சில பேர் பிழைப்பாங்க, நெறையப் பேர் பிழைக்க மாட்டாங்கன்னுதான் முன்னாடி சொன்னாங்க. லூர்து அக்கா எதுல இருந்திருப்பான்னு யாருக்கும் தெரியாது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எல்லாரும் தெரிஞ்ச மாதிரியே பேசுனாவ" என்றாள். ஒட்டாமல் கிடந்த பெட்டியைக் கையில் உருட்டினாள். பிறகு என்ன கேட்டாள் தெரியுமா?

"அந்த ஜப்பான்ல இன்னமும் பாத்துக்கிட்டா இருக்காவ? நாப்பது வருசமாவா?"

"ஆமா."

"என்னத்தைப் பாப்பாவ?"

"ரத்தம், கழுத்து, உடம்புல எங்கயாவது கட்டி இருக்கான்னு. காரணமில்லாம நீலம் பூக்குதான்னு. எனக்கும் முழுசாத் தெரியாது."

"நீலம் எனக்குத் தெரியும்" என்றாள்.

மறுநாள் சாயந்திரத்திலிருந்து தொடங்கினாள். பால் குடித்த பிள்ளைகள் யார் யார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஊற்றியவள் அவள். வீடு வீடாகப் போய், பிள்ளையை வெளிச்சத்துக்கு இழுத்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறாள். ஈறைப் பார்க்கிறாள். காலையும் முதுகையும் பார்க்கிறாள். கழுத்தைத் தடவுகிறாள். அந்த நோய்கள் இத்தனை சீக்கிரம் தெரியாது பெரியம்மா, பல வருஷம் கழித்துத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "இப்பமே பழகிக்கிட்டாத்தான பெறகு காட்டுவாவ" என்றாள். அதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

ஊர் சும்மா இருக்குமா? "மாடு பிடிக்க வந்த தரகர் மாதிரி பல்லைப் பிடிச்சுப் பாக்குதா" என்று கேலி செய்தார்கள். "பிள்ளையைத் தின்னவ எம் பிள்ளை மேல கண்ணு வைக்கா" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். பெரியம்மா அந்த வாசலில் மறுவாரமும் போய் நின்றாள். பாக்கியம் அத்தை வீட்டுக்கும் போனாள். "எதுக்கு வந்த?" என்றதற்கு, "ராணியக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

புரட்டாசிக் கடைசியில் ராணியின் முழங்காலுக்குக் கீழே இரண்டு நீலம் இருந்தது. எங்கே விழுந்தாய் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியவில்லை. இமையும் வெளுத்திருந்தது. பெரியம்மா ராணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாக்கியம் அத்தை எதுவும் கத்தவில்லை. முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். இரண்டு பேரும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். ராணி ஜன்னல் வழியாகப் பார்த்த ஆட்டை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தது.

அதே டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மதியத்துக்கு மேல் கூப்பிட்டார். "ரத்தம் குறைவு, அவ்வளவுதான். வயித்துல பூச்சி இருக்கு. மாத்திரை தர்றேன், கீரை குடுங்க. நீலம் விளையாட்டுல பட்ட அடிதான்."

பாக்கியம் அத்தை ராணியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரியம்மா நின்றுகொண்டே கேட்டாள். "அந்தப் பால் குடிச்ச பிள்ளைம்மா இது."

"இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா."

"நாளைக்கு?"

டாக்டரம்மா அவளை உற்றுப் பார்த்தார். "நாளைக்குச் சந்தேகம் வந்தா நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. பார்த்துச் சொல்றேன்."

வெளியே வந்ததும் பாக்கியம் அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள், "மதினி, நான் அன்னைக்குப் பேசுனது..." பெரியம்மா முடிக்க விடவில்லை. "அதை விடு. கூட்டாளிப் பிள்ளைகளையும் நாளைக்கு வரச்சொல்லு. ஒந் தெருவுல மூணு வீடு எனக்குக் கதவைச் சாத்துது." பாக்கியம் அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். "எவ சாத்துதா? அவ வாசல்ல நின்னு நான் பேசுதேன்." அவள் பேசினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இப்போது எந்த வீடும் கதவைச் சாத்துவதில்லை.

பெரியம்மா இன்னும் நன்மை வாங்கவில்லை, அக்கா. அவள் ராத்திரி தூங்குகிறாளா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் என்னையும் விடுவதில்லை. வாரத்துக்கு ஒரு சாயந்திரம் வாசல் வெளிச்சத்தில் என்னை உட்கார வைத்து, இமையை இழுத்து, கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். அவள் விரலில் பசை காய்ந்து சொரசொரப்பாக இருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ செய்த தப்பு என் எலும்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதா? உட்காரவே இல்லையா? அந்த உலைக்குப் பக்கத்து ஊர்களிலும் இப்படி ஒரு வாசலில் ஒரு தாய் ஒரு பெண்ணின் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பாளா? அவர்களுக்கு எங்களைவிட எவ்வளவோ அதிகமாகப் பட்டிருக்குமே.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்ன முப்பது வருஷம் முடியும்போது ராணிக்கு என் அம்மாவின் இப்போதைய வயதுகூட ஆகியிருக்காது. பெரியம்மா அப்போது இருக்க மாட்டாள். பாக்கியம் அத்தை கிழவியாகியிருப்பாள். இந்தப் பாலைப் பற்றிப் பேப்பரில் எழுதியவர்கள் மறந்திருப்பார்கள். பிள்ளைகளே மறந்திருக்கும். கல்யாணமாகிப் புதியம்புத்தூர், நாகலாபுரம், எங்கெங்கோ போயிருக்கும். அங்கே எதற்கோ டாக்டரிடம் போய், சின்ன வயதில் என்ன குடித்தாய் என்று யாரும் கேட்காமலே திரும்பி வரும்.

அதனால்தான் இப்போது பெரியம்மாவோடு நானும் போகிறேன். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, எங்கே பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறேன். பெரியம்மாவுக்குப் பிறகு நான் பார்ப்பேன், அக்கா. அவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். சிரித்தாலும் பார்ப்பேன், கதவைச் சாத்தினாலும் பார்ப்பேன். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வேன்.

அந்த நாளில் என் கழுத்தைத் தடவிப் பார்க்க ஒருத்தி வேண்டும். ராணிக்கு இப்போதே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். கிச்சுக்கிச்சு மூட்டுவதாக நினைத்துச் சிரிக்கிறது.

உன் பங்குப் பாலையும் குடித்த உன் சித்தி மகள்,
உன் தங்கச்சி
திரேஸ்